கார் பழசாகிறது, மதிப்பு குறைகிறது... இன்ஷூரன்ஸ் பிரீமியம் மட்டும் ஏன் ஏறுகிறது?

“உங்கள் கார் இன்ஷூரன்ஸ் 15 நாட்களில் முடிவடைகிறது. புதுப்பிக்க இங்கே கிளிக் செய்யவும்.” இந்த மெசேஜ் வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, போன வருடம் கட்டிய தொகையை மெயிலில் தேடி எடுப்பது. இரண்டாவது வேலை, தலையில் கை வைப்பது. “வண்டி பழசாயிடுச்சு, ஐ.டி.வி குறைஞ்சிடுச்சு. அப்போ பிரீமியமும் குறையணும்தானே?” என்று ஏஜென்ட்டுக்கு போன் போட்டால், “எல்லாக் கம்பெனியும் ஏத்திட்டாங்க சார்” என்ற ஒற்றை வரியில் பதில் வரும்.

அந்தப் பதில் முழுப் பொய் இல்லை. ஆனால் உங்கள் பில் ஏன் ஏறியது என்பதற்கு அது விடையும் இல்லை. ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

சென்னையில் பதிவான 1,200 சி.சி பெட்ரோல் ஹேட்ச்பேக். ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய். வாங்கி மூன்று வருடம் முடிகிறது. முதல் இரண்டு வருடம் கிளைம் எதுவும் இல்லை. மூன்றாவது வருடம் பார்க்கிங்கில் பின்பக்க பம்பர் தூணில் இடித்து, 9,000 ரூபாய்க்கு ஒரு சின்ன கிளைம். ஐ.டி ஊழியர் ஒருவரின் முதல் கார் என்று வைத்துக்கொள்ளலாம். போன முறை அவர் கட்டியது 11,675 ரூபாய். இந்த முறை கோட் 16,868 ரூபாய். கம்பெனி தன் ரேட்டை ஒரு பைசாகூட ஏற்றவில்லை என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அப்படியிருந்தும் 5,193 ரூபாய் கூடியிருக்கிறது. எங்கிருந்து வந்தது?

ஒரே பாலிசி, இரண்டு பில்

காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்று நாம் ஒன்றாகச் சொல்வது உண்மையில் இரண்டு பாலிசிகள். ஒன்று, உங்கள் காரால் அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான தேர்ட் பார்ட்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவின்படி இது கட்டாயம். இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்னொன்று, உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கான ஓன் டேமேஜ். இது உங்கள் விருப்பம். முதலாவதற்கு விலை வைப்பது மத்திய அரசு. இரண்டாவதற்கு விலை வைப்பது கம்பெனி. இந்த இரண்டும் வெவ்வேறு காரணங்களுக்காக ஏறும், இறங்கும்.

நம்முடைய ஹேட்ச்பேக் கணக்கில் கூடிய தொகையில் பெரிய துண்டு தேர்ட் பார்ட்டிதான். ஆனால் அரசு கட்டணத்தை உயர்த்தியதால் வந்தது இல்லை. புது கார் வாங்கும்போதே மூன்று வருட தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்டியிருப்பீர்கள். 1,000 முதல் 1,500 சி.சி வரையிலான காருக்கு அது 10,640 ரூபாய். ஆன்-ரோடு விலையில் பத்தோடு பதினொன்றாகப் போய்விட்டதால் யாருக்கும் நினைவிருக்காது. அடுத்த இரண்டு வருடமும் ரினியூவலில் ஓன் டேமேஜ் மட்டும் கட்டியிருப்பீர்கள். மூன்று வருடம் முடிந்ததும் தேர்ட் பார்ட்டி புதிதாக உள்ளே வருகிறது. 3,416 ரூபாய், வரியோடு 4,031. கிளைமே போடாதவருக்கும் இந்த வருடம் பில் ஏறும். நம் உதாரணத்தில் பம்பர் இடிக்காமல் இருந்திருந்தாலும் 13,614 ரூபாய் வந்திருக்கும்.

இந்த மூன்று வருட ஏற்பாட்டின் பின்னணியில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் இருக்கிறார். எலும்பு முறிவு சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகள் தொடர்பாக 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடுத்தார். அந்த வழக்கில்தான் 2018 ஜூலையில், புது காருக்கு மூன்று வருடமும் டூவீலருக்கு ஐந்து வருடமும் தேர்ட் பார்ட்டி எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. வண்டி வாங்கும்போது இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு அடுத்த வருடம் புதுப்பிக்காமல் விடுபவர்கள் அத்தனை பேர். அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் இது அமலுக்கு வந்தது.

3,416 ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது?

தேர்ட் பார்ட்டி கட்டணத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ-யுடன் கலந்து நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணம்: 1,000 சி.சி வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி வரை 3,416, அதற்கு மேல் 7,897. மின்சார கார்களுக்கு 15 சதவீதம் தள்ளுபடி. அதற்கு அடுத்த மூன்று வருடமும் இந்தக் கட்டணத்தில் கை வைக்கப்படவில்லை. எனவே அந்தக் காலகட்டத்தில் “தேர்ட் பார்ட்டி ஏறிடுச்சு சார்” என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பில்லைப் பார்க்காமல் பேசியிருக்கிறார்.

“யாருக்கோ கட்டுற காசு, வேஸ்ட்” என்று இதைப் பலர் நினைக்கிறார்கள். அந்த ‘யாரோ’ யார் என்று பார்த்தால் எண்ணம் மாறலாம். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள்.

விபத்தில் 30 வயது நபர் ஒருவர் இறந்துவிடுகிறார் என்று வைப்போம். நிரந்தர வேலை, மாதச் சம்பளம் 30,000 ரூபாய். வீட்டில் மனைவி, குழந்தை, அம்மா. இழப்பீட்டுத் தீர்ப்பாயம் எப்படிக் கணக்குப் போடும் என்பதை உச்ச நீதிமன்றம் 2009-ல் சரளா வர்மா வழக்கிலும், 2017-ல் பிரணய் சேத்தி வழக்கிலும் வரையறுத்திருக்கிறது. வருட வருமானம் 3,60,000. நாற்பது வயதுக்குள், நிரந்தர வேலை என்பதால் எதிர்கால சம்பள உயர்வுக்காக 50 சதவீதம் கூட்டினால் 5,40,000. இறந்தவர் தனக்காகச் செலவழித்திருப்பார் என்று மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் மீண்டும் 3,60,000. முப்பது வயதுக்கான பெருக்குத் தொகை 17. ஆக, 61,20,000 ரூபாய். இறுதிச் சடங்குச் செலவு போன்றவை தனி. மரணம், காயம் என்றால் கம்பெனியின் பொறுப்புக்கு உச்சவரம்பு கிடையாது. அடுத்தவர் பொருளுக்கான சேதத்துக்குத்தான் 7.5 லட்சம் என்ற வரம்பு.

இந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுக்க, சுமார் 1,790 கார்களின் ஓராண்டு தேர்ட் பார்ட்டி பிரீமியம் வேண்டும். சம்பளங்கள் ஏற ஏற இந்தத் தொகையும் தானாக ஏறும். அரசு கட்டணத்தை நிறுத்தி வைக்கலாம், தீர்ப்பாயத்தின் கணக்கை நிறுத்தி வைக்க முடியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தேர்ட் பார்ட்டி கட்டணத்தை உயர்த்தச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். உயர்த்தினால் நாடு முழுக்க ஒரே நாளில் எல்லோருக்கும் ஏறும், எந்தக் கம்பெனிக்கு மாறினாலும் தப்பிக்க முடியாது.

இன்னும் ஓடும் 2002 ரேட் கார்டு

இனி ஓன் டேமேஜ் பக்கம். இதன் விலையை 2007 ஜனவரி முதல் கம்பெனிகளே வைத்துக்கொள்கின்றன. ஆனால் அடித்தளம் பழையதுதான். ‘இந்தியா மோட்டார் டாரிஃப்’ என்ற 2002-ம் வருட ரேட் புத்தகத்தை வைத்து, அதில் தள்ளுபடி போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. அந்தப் புத்தகத்தின்படி சென்னை ‘ஏ’ மண்டலம். டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், அகமதாபாத், புனே இவையும் அதே பட்டியல். கோவை, மதுரை, திருச்சி எல்லாம் ‘பி’. ஐந்து வயதுக்குட்பட்ட நம் ஹேட்ச்பேக்குக்கு சென்னையில் ஐ.டி.வி-யில் 3.283 சதவீதம், மதுரையில் 3.191. நினைக்கிற அளவுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை, 4.8 லட்சம் ஐ.டி.வி-க்கு தள்ளுபடிக்கு முன் 441 ரூபாய்தான்.

கவனிக்க வேண்டியது அதே அட்டவணையின் இன்னொரு வரி. கார் ஐந்து வயதைத் தாண்டினால் 3.283 என்பது 3.447 ஆகிறது. அதாவது காரின் மதிப்பு குறைந்தாலும், அந்த மதிப்பின் மீது போடும் சதவீதம் வயதோடு ஏறுகிறது. பழைய வண்டிக்கு ரிப்பேர் அதிகம் என்ற எளிய லாஜிக்.

ஐ.டி.வி குறைவதும் நாம் நினைக்கும் வேகத்தில் நடப்பதில்லை. நீங்கள் அன்று வாங்கிய விலையிலிருந்து கழிப்பதில்லை; அதே மாடல் இன்று ஷோரூமில் என்ன விலையோ, அதிலிருந்துதான் தேய்மானம் கழிக்க வேண்டும். மூன்று வயது தாண்டிய காருக்கு 40 சதவீதம். 8 லட்சத்துக்கு வாங்கிய கார் இன்று 8.8 லட்சம் என்றால், ஐ.டி.வி 4.8 லட்சத்துக்குப் பதில் 5.28 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் இது தலைகீழாகவும் நடந்தது. புது கார் விலை இறங்கினால், உங்கள் பழைய காரின் ஐ.டி.வி-யும் இறங்க வேண்டியதுதான். பிரீமியம் குறையும் என்று சந்தோஷப்படலாம், கார் திருடு போகாத வரை.

கோட்டில் ‘தள்ளுபடி’ என்று ஒரு வரி இருக்குமே, கம்பெனியின் உண்மையான விலை அங்கேதான் ஒளிந்திருக்கிறது. புத்தக ரேட்டை மாற்ற வேண்டியதே இல்லை, தள்ளுபடியைக் குறைத்தால் போதும். நம் ஹேட்ச்பேக்கின் புத்தக ரேட் 15,758 ரூபாய். அதில் 50 சதவீதம் தள்ளுபடி என்று இதுவரை கணக்குப் போட்டோம். கம்பெனி அதை 40 ஆக்கினால் சத்தமே இல்லாமல் 1,576 ரூபாய் கூடும். உங்கள் மாடலுக்கு நாடு முழுக்க எவ்வளவு கிளைம் வந்தது, உதிரிபாகம் என்ன விலை, எந்த ஆர்.டி.ஓ பதிவு, வண்டிக்கு என்ன வயது என எல்லாமும் சேர்ந்து இந்தத் தள்ளுபடியைத் தீர்மானிக்கின்றன. நீங்கள் ஒழுங்காக ஓட்டியிருந்தும், அதே மாடல் வைத்திருக்கும் முகம் தெரியாத ஆயிரம் பேர் இடித்திருந்தால் உங்கள் தள்ளுபடி குறையலாம்.

ரிப்பேர் செலவும் சும்மா இல்லை. முன்பெல்லாம் பம்பர் என்றால் பிளாஸ்டிக். டிங்கரிங், பெயின்டிங் முடிந்தால் வண்டி வெளியே வரும். இப்போது அதே பம்பருக்குள் பார்க்கிங் சென்சார், கேமரா. ஹெட்லைட்டில் பல்பு மட்டும் மாற்றும் காலம் போய், எல்.இ.டி யூனிட்டை முழுசாக மாற்ற வேண்டியிருக்கிறது. தானாக பிரேக் பிடிக்கும் வசதியுள்ள கார்களில் முன் கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் இருக்கும் கேமராவையும் மறுபடி சரிபார்த்துப் பொருத்த வேண்டும். விளம்பரத்தில் ‘பாதுகாப்பு அம்சம்’ என்று வருவது, சர்வேயரின் எஸ்டிமேட்டில் உதிரிபாக விலையாக வருகிறது.

அந்த 8,000 ரூபாய் கிளைம்

இனி பம்பருக்கு வருவோம். நம் பர்ஸை நேரடியாகத் தொடும் இடம் இதுதான்.

கிளைம் போடாத வருடங்களுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் நோ கிளைம் போனஸ் உண்டு. முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, கடைசியாக 50. ஒரு கிளைம் போட்டால் போதும், எந்தப் படியில் இருந்தாலும் நேராகப் பூஜ்ஜியம். பரமபதத்தில் பாம்பு கடித்த மாதிரி. கிளைம் 9,000 ரூபாயா 90,000 ரூபாயா என்று பாம்பு பார்க்காது.

நம் ஐ.டி ஊழியரின் பில் 9,000 ரூபாய். ஜீரோ டெப் இருந்ததால் பிளாஸ்டிக் பாகத்துக்கான 50 சதவீதக் கழிவு இல்லை. கட்டாயப் பிடித்தம் 1,000 போக, கம்பெனி கொடுத்தது 8,000 ரூபாய். “கேஷ்லெஸ் சார், நீங்க ஆயிரம் ரூபாய் மட்டும் கட்டுங்க” என்று சர்வீஸ் அட்வைசர் சொன்னபோது இலவசமாகக் கிடைத்த மாதிரிதான் இருந்திருக்கும்.

கிளைம் போடாமல் இருந்திருந்தால் அவருக்கு வரவேண்டிய போனஸ்: 35, 45, 50, 50, 50. போட்டதால் கிடைப்பது: 0, 20, 25, 35, 45. ஐந்து வருடத்து வித்தியாசத்தையும் கூட்டினால் 105 சதவீதம். அதாவது ஒரு முழு வருட ஓன் டேமேஜ் பிரீமியத்தைவிட அதிகம். போனஸுக்கு முந்தைய பிரீமியம் வருடத்துக்குச் சராசரியாக 6,500 ரூபாய் என்று வைத்தால், வரியோடு சுமார் 8,050 ரூபாய். கம்பெனி கொடுத்த 8,000 ரூபாய் ஐந்து தவணையில் கம்பெனிக்கே திரும்பிப் போகிறது. முதல் தவணை மட்டும் 3,254 ரூபாய். இந்த வருட பில்லில் தேர்ட் பார்ட்டிக்கு அடுத்தபடியாக நின்றது இதுதான்.

பெரிய சேதம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கிளைம் போட வேண்டியதுதான், இன்ஷூரன்ஸ் எடுத்ததே அதற்குத்தானே. சின்னக் கீறல், பம்பர் உடைசல் என்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன் போனில் கால்குலேட்டரைத் திறக்கலாம். போனஸ் ஏற்கெனவே 45, 50 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு இழப்பு இன்னும் பெரிது. ‘என்.சி.பி புரொடெக்‌ஷன்’ என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் கணக்கு மாறும். ஆனால் வருடத்துக்கு எத்தனை கிளைம் வரை, எந்த நிபந்தனையில் என்பது கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும்.

வேளச்சேரி மேம்பாலம் சொல்லும் கதை

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரங்களில் கார்கள் வரிசைகட்டி நின்ற காட்சியைப் பார்த்திருப்பீர்கள். பலர் சிரித்தார்கள், மீம் போட்டார்கள். 2015 டிசம்பரையும், மிக்ஜாம் வந்த 2023 டிசம்பரையும் பார்த்தவர்கள் சிரித்திருக்க மாட்டார்கள்.

விபத்து என்றால் நூறு காரில் ஒன்றிரண்டு இடிக்கும். வெள்ளம் என்றால் ஒரு அபார்ட்மென்ட்டின் பேஸ்மென்ட்டில் இருக்கும் நூறும் ஒரே இரவில் மூழ்கும். எல்லோரும் கட்டிய பணத்தை எடுத்து ஒருவருக்குக் கொடுப்பதில்தான் இந்த பிசினஸ் ஓடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் வந்து நின்றால் கணக்கு உடைகிறது. அதற்காகக் கம்பெனிகளே இன்னொரு கம்பெனியிடம் ரீ-இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருக்கின்றன. உலகெங்கும் பேரிடர்கள் கூடும்போது அதன் விலையும் ஏறுகிறது, அது சுற்றி வந்து நம் பிரீமியத்தில் இறங்குகிறது.

இங்கே பலர் தெரியாமல் மாட்டும் விஷயம் ஒன்று. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் வெள்ளச் சேதம் உண்டு. ஆனால் தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி அது ‘லாக்’ ஆகிவிட்டால், நேரடி வெள்ளச் சேதம் இல்லை என்று சொல்லிக் கம்பெனி கிளைமை மறுக்க வாய்ப்பு அதிகம். அதற்குத்தான் எஞ்சின் புரொடெக்ட் என்ற தனி கவர். பில்லை ஏற்றும் கூடுதல் கவர்களில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் கடைசியாக வெட்ட வேண்டியது இதைத்தான். தண்ணீர் வடிந்த பிறகும் சாவியைத் திருப்பாமல், டோ செய்யும் வண்டியைக் கூப்பிடுவது இன்னும் மலிவு.

இவை எல்லாவற்றின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்கு 2025 செப்டம்பரில் வரி நீக்கப்பட்டபோது, “கார் இன்ஷூரன்ஸுக்கும் உண்டா?” என்று கேட்டவர்கள் நிறைய. அந்த அறிவிப்பில் அது இல்லை.

குறைக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் முதலில் கண்ணில் படும் வழி ஆபத்தானது. ஒப்பிட்டுப் பார்க்கும் தளங்களில் ஐ.டி.வி-யை இழுத்துக் குறைத்தால் பிரீமியமும் குறையும். 4.8 லட்சத்தை 4.2 லட்சமாக்கினால் நம் கணக்கில் மிச்சம் 1,162 ரூபாய். கார் திருடுபோனாலோ முழுசாக மூழ்கினாலோ இழப்பு 60,000 ரூபாய். ரிப்பேர் செலவு ஐ.டி.வி-யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று முடித்துவிடுவார்கள் என்பதால், ஐ.டி.வி குறைவாக இருந்தால் அந்தக் கோடும் 3.6 லட்சத்திலிருந்து 3.15 லட்சத்துக்கு இறங்கிவிடும். இரண்டு கோட்டை ஒப்பிடும்போது முதலில் ஐ.டி.வி ஒன்றா என்று பார்க்காவிட்டால், எது மலிவு என்றே சொல்ல முடியாது.

கம்பெனி மாறினால் போனஸ் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. அது உங்களோடு வரும். காரை விற்றாலும் போனஸ் காருடன் போகாது. பழைய கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்தால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் புது காருக்குப் பயன்படுத்தலாம். ஆனால் கிளைம் போட்டதை மறைத்து ஆன்லைனில் ‘போனஸ் உண்டு’ என்று டிக் அடித்தால், இரண்டு கம்பெனிகளும் பேசிக்கொள்ளும் நாளில் உங்கள் ஓன் டேமேஜ் கிளைம் காலி.

“ஷோரூம்லயே ரினியூ பண்ணாத்தான் கேஷ்லெஸ்” என்பதும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் சர்வீஸ் சென்டர் எந்தக் கம்பெனியின் நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கம்பெனியின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒரு முறை மட்டும் காரை எடுக்கும் வீட்டிலிருந்து வேலை ஆட்கள், ஓட்டும் கிலோமீட்டருக்கு ஏற்பக் கட்டும் கவரை விசாரிக்கலாம். 2022 ஜூலையில் ஐ.ஆர்.டி.ஏ.ஐ இதை அனுமதித்தது.

“அப்புறம் பார்த்துக்கலாம்” என்று தள்ளிப்போடுவதுதான் இருப்பதிலேயே காஸ்ட்லி. பாலிசி முடிந்த மறுநாளே இன்ஷூரன்ஸ் இல்லாத கார் அது. புதுப்பிக்கப் போனால் வண்டியை இன்ஸ்பெக்‌ஷன் செய்யச் சொல்வார்கள். 90 நாள் தாண்டிவிட்டால், பல வருடம் சேர்த்த 50 சதவீத போனஸும் கிளைம் போடாமலேயே பூஜ்ஜியமாகிவிடும்.